ஈவ் மியூர்ஹெட்

ஈவ் மியூர்ஹெட் (பிறப்பு: ஏப்ரல் 22, 1990) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த முன்னாள் கர்லிங் வீராங்கனை ஆவார். பிரித்தானியப் பெண்கள் கர்லிங் அணியின் தலைவராக 2010, 2014, 2018, 2022 ஆகிய நான்கு குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளில் பங்கேற்றார். 2014-இல் வெண்கலப் பதக்கமும் 2022-இல் தங்கப் பதக்கமும் பெற்றார். 2013-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து அணிக்குத் தலைமை ஏற்று உலக வாகையர் பட்டத்தை வென்றபோது அவருக்கு வயது 22. உலகப் பட்டம் வென்ற பெண்கள் அணித்தலைவர்களில் அதுவரை அவரே மிக இளையவர். 2022 ஆகஸ்டு மாதம் விளையாட்டிலிருந்து ஓய்வு பெற்றார்.

ஒலிம்பிக்கில் ஸ்காட்லாந்து தனி நாடாகப் பங்கேற்பதில்லை. ஆகவே மியூர்ஹெட் ஒலிம்பிக்கில் பிரித்தானிய அணிக்காகவும், உலகப் போட்டிகளிலும் ஐரோப்பியப் போட்டிகளிலும் ஸ்காட்லாந்து அணிக்காகவும் ஆடினார்.

ஆட்டமும் அணித்தலைவரின் பொறுப்பும்

மியூர்ஹெட்டின் விளையாட்டு வாழ்க்கையைப் புரிந்துகொள்ள, கர்லிங் ஆட்டத்தில் கடைசிக் கல்லுக்கு உள்ள இடத்தை அறிந்துகொள்வது தேவை.

கர்லிங், பனித்தளத்தின் மீது கனமான கருங்கற்களை வழுக்கிச் செல்லும்படி விட்டு ஆடும் ஆட்டம். ஆடுதளம் ஏறத்தாழ 45 மீட்டர் நீளமுள்ளது. அதன் ஒவ்வொரு கோடியிலும் ஒரே மையத்தைக் கொண்ட வட்டங்கள் வரையப்பட்டிருக்கும். வெளிவட்டத்தின் விட்டம் 12 அடி. இந்த வட்டப்பகுதிக்கு 'வீடு' என்று பெயர். ஒவ்வொரு கல்லும் 17 முதல் 20 கிலோ வரை எடை கொண்டது. ஒலிம்பிக்கில் பயன்படும் கற்கள் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள எய்ல்சா கிரெய்க் என்னும் சிறு தீவின் கருங்கல்லில் செய்யப்படுபவை. ஆட்டம் தோன்றியதும் ஸ்காட்லாந்தில்தான். உறைந்த குளங்களின் மேல் அங்கு பல நூற்றாண்டுகளாக இது ஆடப்பட்டு வந்தது.

ஓர் அணியில் நால்வர். ஒவ்வொருவரும் இரண்டு கற்கள் வீதம் எட்டுக் கற்களை, எதிரணியுடன் மாறி மாறி விடுவர். இரு அணிகளும் பதினாறு கற்களையும் விட்டு முடிப்பது ஓர் 'எண்ட்' எனப்படும். சர்வதேசப் பெண்கள் ஆட்டம் பத்து எண்டுகள் கொண்டது. ஓர் எண்ட் முடியும்போது மையப்புள்ளிக்கு மிக அருகில் கல் வைத்திருக்கும் அணிக்கு மட்டுமே புள்ளி கிடைக்கும். எதிரணியின் மிக நெருங்கிய கல்லைக் காட்டிலும் மையத்துக்கு அருகில் அவ்வணியின் எத்தனை கற்கள் உள்ளனவோ, அத்தனை புள்ளிகள். கேரம் ஆட்டத்தைப் போல எதிரணியின் கல்லை அடித்து வெளியேற்றலாம். தன் கல்லை மற்றொரு கல்லின் மறைவில் நிறுத்தியும் வைக்கலாம்.

பனித்தளத்தின் மீது நீர்த்துளிகளைத் தெளித்துச் சிறு சிறு புடைப்புகளை உண்டாக்குவார்கள். கல்லை விடும்போது கைப்பிடியை மெல்லத் திருப்பிவிட்டால் அது சுழன்றபடி சென்று ஒரு பக்கமாக வளையும். கல்லுக்கு முன்னால் இருவர் துடைப்பத்தால் பனியை வேகமாகத் தேய்ப்பது உராய்வைக் குறைப்பதற்காக. தேய்த்தால் கல் கூடுதல் தூரம் போகும், வளைவும் குறையும். தேய்க்க வேண்டுமா, நிறுத்த வேண்டுமா என்பதை வீட்டினுள் நிற்கும் அணித்தலைவர் குரல் கொடுத்துச் சொல்வார். இவரை 'ஸ்கிப்' என்பர்.

ஓர் எண்டில் கடைசிக் கல்லை விடும் உரிமை 'ஹாமர்' எனப்படும். புள்ளி எடுத்த அணி அடுத்த எண்டில் இந்த உரிமையை எதிரணிக்கு இழக்கும். யாருக்கும் புள்ளி இல்லாமல் ஓர் எண்ட் முடிந்தால் உரிமை மாறுவதில்லை. பெரும்பாலான அணிகளில் கடைசி இரண்டு கற்களை ஸ்கிப்பே விடுகிறார். எனவே முந்தைய கற்களில் நடந்த நன்மை தீமைகள் எல்லாம் இறுதியில் ஸ்கிப்பின் கையில் வந்து சேரும். வென்றால் அணியின் வெற்றி. கடைசிக் கல் தவறினால் பார்ப்பவர் கண்ணுக்கு அது ஒருவரின் தவறு. மியூர்ஹெட் தம் பத்தொன்பதாம் வயதிலேயே ஒலிம்பிக்கில் இந்தப் பொறுப்பை ஏற்றார்.

இளமைக்காலம்

மியூர்ஹெட் ஸ்காட்லாந்தின் பெர்த் நகரில் பிறந்தார். பெர்த்ஷயர் மலைப்பகுதியில் உள்ள பிளேர் அத்தோல் என்னும் சிற்றூரில், ஆடு வளர்க்கும் பண்ணைக் குடும்பத்தில் வளர்ந்தார். தந்தை கோர்டன் மியூர்ஹெட்டும் சர்வதேசக் கர்லிங் வீரர். கர்லிங் காட்சி ஆட்டமாக மட்டும் இடம்பெற்றிருந்த 1992 ஆல்பெர்வில் ஒலிம்பிக்கில் கோர்டன் ஆடினார். 1999-இல் உலகப் பட்டம் வென்ற ஸ்காட்லாந்து ஆண்கள் அணியிலும் இருந்தார். ஈவின் சகோதரர்கள் கிளென், தாமஸ் இருவரும் பிற்காலத்தில் 2018 ஒலிம்பிக்கில் பிரித்தானிய ஆண்கள் அணியில் இடம்பெற்றனர். அந்த ஒலிம்பிக்கில் ஒரே குடும்பத்தின் மூன்று பிள்ளைகள் ஒரே விளையாட்டில் கலந்துகொண்டார்கள்.

மியூர்ஹெட்டுக்கு வேறு இரண்டு துறைகளிலும் தேர்ச்சி உண்டு. ஸ்காட்லாந்தின் மரபிசைக் கருவியான பைக்குழலை வாசிப்பதில் வல்லவர். ஊர் இசைக்குழுவுடன் உலகப் பைக்குழல் இசைக்குழுப் போட்டிகளிலும் பங்கேற்றுள்ளார். கோல்ஃப் ஆட்டத்திலும் திறமை மிக்கவர். அதற்காக அமெரிக்கக் கல்லூரிகளில் படிக்க உதவித்தொகை வாய்ப்புகள் வந்தபோது, கர்லிங்கைத் தேர்ந்தெடுத்து அவற்றை மறுத்துவிட்டார்.

இளையோர் போட்டிகள்

21 வயதுக்கு உட்பட்டோருக்கான உலக இளையோர் கர்லிங் போட்டியில் 2007, 2008, 2009, 2011 ஆகிய நான்கு ஆண்டுகளில் தங்கம் வென்ற ஸ்காட்லாந்து அணிகளில் மியூர்ஹெட் இடம்பெற்றார். ஓர் இளையோர் பட்டமே பெரும் சாதனையாகக் கருதப்படும் ஆட்டத்தில் நான்கு பட்டங்கள் என்பது அவர் மீது பெரிய எதிர்பார்ப்பை ஏற்படுத்தியது. நான்காவது இளையோர் பட்டத்தை வெல்லும் முன்பே அவர் ஒலிம்பிக் அணியின் தலைவராகியிருந்தார்.

வான்கூவர் 2010

2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் ரோனா மார்ட்டின் தலைமையிலான பிரித்தானியப் பெண்கள் அணி, இறுதி ஆட்டத்தின் கடைசிக் கல்லில் தங்கம் வென்றது. அதன் பிறகு ஒவ்வொரு பிரித்தானிய அணியும் அந்த வெற்றியோடு ஒப்பிடப்பட்டது.

2010-இல் கனடாவின் வான்கூவர் நகரில் 19 வயது மியூர்ஹெட் அணிக்குத் தலைமை ஏற்றார். அவருடைய அணியில் இருந்த ஜாக்கி லாக்ஹார்ட், அவர் பிறப்பதற்கு முன்பே சர்வதேசக் கர்லிங்கில் ஆடத் தொடங்கியவர். அணி ஒன்பது ஆட்டங்களில் மூன்றில் மட்டுமே வென்று அரையிறுதிக்கு முன்பே வெளியேறியது. ஆனால் அடுத்த மாதமே கனடாவின் ஸ்விஃப்ட் கரண்ட் நகரில் நடந்த உலகப் போட்டியில் ஸ்காட்லாந்து இறுதி ஆட்டம் வரை சென்றது. அங்கு ஆந்திரேயா ஷோப் தலைமையிலான ஜெர்மனியிடம் தோற்று வெள்ளிப் பதக்கம் பெற்றது.

உலக வாகையர் பட்டம்

வான்கூவருக்குப் பின் மியூர்ஹெட் தம் வயதை ஒத்தவர்களைக் கொண்டு அணியை அமைத்தார். ஆனா ஸ்லோன், விக்கி ஆடம்ஸ், கிளேர் ஹாமில்டன் ஆகியோர் அவருடன் ஆடினர். இவ்வணி 2011-இல் மாஸ்கோவில் ஐரோப்பியப் பட்டத்தை வென்றது.

2013 மார்ச் மாதம் லாத்வியாவின் ரீகா நகரில் நடந்த உலகப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் ஸ்காட்லாந்து, சுவீடனை 6–5 என்ற கணக்கில் வீழ்த்தியது. அதே ஆண்டில், உலகின் முன்னணி அணிகள் மோதும் கனடாவின் 'பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்' போட்டியையும் மியூர்ஹெட்டின் அணி கைப்பற்றியது. அப்போட்டியை 2015, 2016 ஆகிய ஆண்டுகளிலும் வென்றது. கர்லிங் ஆடுவோரின் எண்ணிக்கையில் கனடா மற்ற எல்லா நாடுகளையும் விடப் பெரியது என்பதால், அந்த மண்ணில் கிடைத்த வெற்றிகளுக்குத் தனி மதிப்பு உண்டு.

சோச்சி 2014

உலக வாகையர் என்ற தகுதியுடன் மியூர்ஹெட் ரஷ்யாவின் சோச்சி ஒலிம்பிக்குக்குச் சென்றார். 2002-இல் தங்கம் வென்ற ரோனா அப்போது இந்த அணிக்குப் பயிற்சியாளராக இருந்தார். அமெரிக்காவுக்கு எதிரான லீக் ஆட்டத்தின் நான்காவது எண்டில் பிரித்தானிய அணி ஏழு புள்ளிகள் எடுத்தது. ஓர் எண்டில் அதிகபட்சமாக எட்டுப் புள்ளிகளே எடுக்க முடியும் என்பதை நோக்க, இது எவ்வளவு அரிது என்பது விளங்கும். அந்த ஆட்டம் 12–3 என முடிந்தது.

அரையிறுதியில் ஜெனிஃபர் ஜோன்ஸ் தலைமையிலான கனடாவிடம் 4–6 எனத் தோற்றது. ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காமல் தங்கம் வென்ற அணி அது. வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டத்தில் சுவிட்சர்லாந்தை 6–5 என வென்று மியூர்ஹெட் தம் முதல் ஒலிம்பிக் பதக்கத்தைப் பெற்றார். அப்போது அவருக்கு வயது 23.

பியோங்சாங் 2018

2017-இல் உலகப் போட்டியில் வெண்கலமும், ஐரோப்பியப் போட்டியில் தங்கமும் பெற்ற நிலையில் மியூர்ஹெட் தம் மூன்றாவது ஒலிம்பிக்கை எதிர்கொண்டார். தென்கொரியாவில் நடந்த இப்போட்டியில் பிரித்தானிய அணி லீக் சுற்றில் ஆறு வெற்றிகளுடன் மூன்றாம் இடம் பிடித்தது. அரையிறுதியில் ஆனா ஹாசல்போரி தலைமையிலான சுவீடன் 10–5 என வென்றது.

வெண்கலத்துக்காக பிப்ரவரி 24 அன்று சட்சுகி ஃபுஜிசாவா தலைமையிலான ஜப்பானுடன் ஆட வேண்டியிருந்தது. பத்தாவது எண்டில் ஜப்பான் 4–3 என முன்னிலையில் இருந்தது. கடைசிக் கல் மியூர்ஹெட் கையில். ஒரு புள்ளி எடுத்து ஆட்டத்தைச் சமன் செய்தால் கூடுதல் எண்டுக்குப் போகலாம். ஆனால் அந்தக் கூடுதல் எண்டில் கடைசிக் கல் உரிமை ஜப்பானுக்குப் போய்விடும். இரண்டு புள்ளிகள் எடுத்தால் அங்கேயே வெற்றி. மியூர்ஹெட் கடினமான இரண்டாவது வழியைத் தேர்ந்தார். கல் எண்ணியபடி செல்லவில்லை. ஜப்பானின் கல் மையத்துக்கு நெருங்கிய கல்லாக நிற்க, புள்ளி ஜப்பானுக்குச் சென்றது. ஆட்டம் 5–3 என முடிந்தது. ஜப்பானுக்குக் கர்லிங்கில் அதுவே முதல் ஒலிம்பிக் பதக்கம். பிரித்தானிய அணி நான்காம் இடத்துடன் திரும்பியது.

இம்முடிவு பற்றிப் பின்னர் பலவாறு பேசப்பட்டது. ஆனால் ஆட்ட நுணுக்கத்தின்படி அது பொறுப்பற்ற துணிவு அன்று. கடைசிக் கல் உரிமை இல்லாமல் கூடுதல் எண்ட் ஆடும் அணிக்கு வெல்லும் வாய்ப்பு குறைவு என்பது எல்லா ஸ்கிப்களும் அறிந்தது. இரண்டு வழிகளிலும் ஆபத்து இருந்தது. முடிவெடுக்க வேண்டியவர், அதைச் செய்து காட்ட வேண்டியவர் ஆகிய இருவரும் ஒருவராகவே இருந்தார்.

அறுவை சிகிச்சையும் அணி மாற்றமும்

கல்லை விடும் ஒவ்வொரு முறையும் ஆட்டக்காரர் ஒரு காலை முழுதும் மடக்கித் தாழ்ந்து பனியில் வழுக்கிச் செல்ல வேண்டும். பல்லாயிரம் முறை இதைச் செய்வதால் இடுப்பு மூட்டு பாதிக்கப்படுவது கர்லிங் ஆட்டக்காரர்களிடையே காணப்படும் ஒன்று. மியூர்ஹெட்டுக்கும் அந்தப் பாதிப்பு இருந்தது. 2018 ஒலிம்பிக் முடிந்த சில மாதங்களில் அவருக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்தது. நீண்ட காலம் உடன் ஆடிய ஆனா ஸ்லோனும் விக்கி ஆடம்ஸும் அணியிலிருந்து விலகினர். புதியவர்களைக் கொண்டு மீண்டும் அணியை அமைக்க வேண்டியதாயிற்று.

2021-இல் கனடாவின் கால்கரி நகரில், கொரோனாக் கட்டுப்பாடுகளுக்கு இடையே நடந்த உலகப் போட்டியில் முதல் ஆறு இடங்களைப் பெறும் அணிகளுக்கு 2022 ஒலிம்பிக்கில் நேரடி இடம் உண்டு. மியூர்ஹெட்டின் அணி எட்டாவது இடத்தையே பெற்றது.

இதன் பின் பிரித்தானியக் கர்லிங் அமைப்பு, நிலையான அணி என்ற முறையை விட்டு, ஒன்பது வீராங்கனைகளைக் கொண்ட ஒரு குழுவை அமைத்தது. அவர்களை வெவ்வேறு சேர்க்கைகளில் ஆடவைத்து, அதிலிருந்து ஒலிம்பிக் அணியைத் தேர்ந்தெடுத்தது. மூன்று ஒலிம்பிக்கில் தலைவராக இருந்த மியூர்ஹெட்டும் மற்றவர்களைப் போலவே இந்தச் சோதனைக்கு உட்பட்டுத்தான் இடம்பெற வேண்டியிருந்தது. முடிவில் மியூர்ஹெட், விக்கி ரைட், ஜெனிஃபர் டாட்ஸ், ஹெய்லி டஃப், மாற்று ஆட்டக்காரராக மிலி ஸ்மித் ஆகியோர் தேர்வு பெற்றனர். இவர்களில் விக்கி ரைட் ஒரு செவிலியர். பெருந்தொற்றுக் காலத்தில் பயிற்சியை ஒதுக்கிவைத்து மருத்துவமனைப் பணிக்குத் திரும்பியவர்.

இப்புதிய அணி 2021 நவம்பரில் நார்வேயின் லில்லஹாமர் நகரில் ஐரோப்பியப் பட்டத்தை வென்றது. டிசம்பரில் நெதர்லாந்தின் லியுவார்டன் நகரில் நடந்த இறுதித் தகுதிப் போட்டியில் மூன்று இடங்களே எஞ்சியிருந்தன. அவற்றைப் பிரித்தானியா, ஜப்பான், தென்கொரியா ஆகியவை பெற்றன. ஒலிம்பிக் தொடங்க இரண்டு மாதங்கள்கூட அப்போது இல்லை.

பெய்ஜிங் 2022

தொடக்க விழாவில் பனிச்சறுக்கு வீரர் டேவ் ரைடிங்குடன் சேர்ந்து மியூர்ஹெட் பிரித்தானியக் கொடியை ஏந்திச் சென்றார். லீக் சுற்றில் அணி நான்கு ஆட்டங்களில் தோற்றது. கடைசி லீக் ஆட்டத்தில் ரஷ்ய அணியை 9–4 என வென்றபோதும் அது மட்டும் போதவில்லை. அதே நேரத்தில் நடந்த மற்ற ஆட்டங்களில் சுவீடன் தென்கொரியாவையும், சுவிட்சர்லாந்து ஜப்பானையும் வெல்ல வேண்டியிருந்தது. இரண்டும் நடந்தன.

பிரித்தானியா, ஜப்பான், கனடா மூன்றும் ஐந்து வெற்றி, நான்கு தோல்வி என்று சமநிலையில் இருந்தன. இவற்றுள் பிரித்தானியா ஜப்பானையும், ஜப்பான் கனடாவையும், கனடா பிரித்தானியாவையும் வென்றிருந்ததால் நேருக்கு நேர் முடிவுகளைக் கொண்டும் பிரிக்க முடியவில்லை. இத்தகைய நிலைக்காகவே ஒரு விதி உண்டு. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்பு அணிகள் மையப்புள்ளியை நோக்கிக் கற்களை விடும். அவை மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று அளந்து குறித்துவைப்பார்கள். அந்த அளவுகளின் சராசரியில் கனடா பின்தங்கியது. பிரித்தானியாவும் ஜப்பானும் அரையிறுதிக்கு முன்னேறின. ஆட்டம் தொடங்குமுன் யாரும் கவனிக்காத சில அங்குலங்கள் ஒரு பதக்க வாய்ப்பைத் தீர்மானித்தன.

அரையிறுதியில் எதிரணி, நான்கு ஆண்டுகளுக்கு முன் தோற்கடித்த அதே சுவீடன். முதல் எண்டிலேயே சுவீடன் நான்கு புள்ளிகள் எடுத்தது. இந்த மட்டத்தில் அது பெரும்பாலும் மீள முடியாத பின்னடைவு. ஆனால் மியூர்ஹெட்டின் அணி படிப்படியாக நெருங்கி வந்து, கூடுதல் எண்டில் 12–11 என வென்றது.

பிப்ரவரி 20 அன்று, ஒலிம்பிக்கின் கடைசி நாளில், இறுதி ஆட்டம். எதிரணி மீண்டும் ஜப்பான், தலைவர் மீண்டும் ஃபுஜிசாவா. இம்முறை ஆட்டம் கடைசிக் கல்வரை செல்லவில்லை. முதல் எண்டில் இரண்டு புள்ளிகளுடன் தொடங்கிய பிரித்தானியா, ஏழாவது எண்டில் நான்கு புள்ளிகள் எடுத்து 8–2 என முன்னேறியது. ஆட்டம் 10–3 என முடிந்தது. தோல்வி உறுதியானதும் முழு ஆட்டமும் முடியும்வரை காத்திராமல் எதிரணியுடன் கைகுலுக்கி விடைபெறுவது கர்லிங் மரபு. ஜப்பானிய அணி அவ்வாறே செய்தது.

2002-க்குப் பின் பிரித்தானியக் கர்லிங் பெற்ற முதல் தங்கம் இது. பெய்ஜிங்கில் பிரித்தானியா பெற்ற ஒரே தங்கமும் இதுவே. மற்றொரு பதக்கமான வெள்ளியும் கர்லிங்கில்தான், ஆண்கள் அணிக்குக் கிடைத்தது.

ஓய்வுக்குப் பின்

2022 ஏப்ரலில் ஜெனீவாவில் நடந்த உலகக் கலப்பு இரட்டையர் போட்டியில் பாபி லாமியுடன் சேர்ந்து மியூர்ஹெட் தங்கம் வென்றார். அதே ஆண்டு அவருக்குப் பிரித்தானிய அரசின் ஓ.பி.இ. விருது அறிவிக்கப்பட்டது. ஒலிம்பிக், உலக, ஐரோப்பியப் பட்டங்கள் மூன்றையும் பெற்றிருந்த நிலையில் ஆகஸ்டு மாதம் தம் ஓய்வை அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 32. கர்லிங்கில் நாற்பது வயதைக் கடந்தும் சர்வதேச அளவில் ஆடுவோர் பலர் என்பதால், இது விரைவான ஓய்வே.

பின்னர் 2026 மிலானோ கோர்த்தினா குளிர்கால ஒலிம்பிக்கில் பிரித்தானியக் குழு முழுவதற்கும் தலைமைப் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டார். வெல்பவர்களோடு, கடைசி முயற்சியில் தவறி நான்காம் இடத்துடன் திரும்புபவர்களும் அந்தப் பொறுப்பில் இருப்பவரின் கவனிப்புக்கு உரியவர்கள். இரண்டு நிலைகளையும் ஒரே விளையாட்டில் கண்டவர் மியூர்ஹெட்.

முக்கிய வெற்றிகள்

ஒலிம்பிக்: தங்கம் 2022, வெண்கலம் 2014.
உலகப் பெண்கள் போட்டி: தங்கம் 2013, வெள்ளி 2010, வெண்கலம் 2017.
உலகக் கலப்பு இரட்டையர் போட்டி: தங்கம் 2022.
ஐரோப்பியப் போட்டி: தங்கம் 2011, 2017, 2021.
உலக இளையோர் போட்டி: தங்கம் 2007, 2008, 2009, 2011.